எழுத்துக்கு முன்னர் பேச்சு: வன்னி வீடுகளில் பிள்ளைகளின் வாசிப்பைத் தொடங்கி வைப்பது எப்படி?

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டு மக்கள் வெளியேறியபோது அவர்களோடு பாடசாலைப் பிள்ளைகளும் நடந்தார்கள். தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்துகொண்டே இருந்த அந்த மாதங்களில் பாடசாலைக் கட்டடங்கள் தங்குமிடங்களாகவும் தற்காலிக வைத்தியசாலைகளாகவும் மாறின. 2009 மே மாதத்துக்குப் பின்னர் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அங்கே கூடாரங்களிலும் மரநிழலிலும் வகுப்புகள் நடந்தன. மெனிக் பாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான்.

அன்று 8, 10, 12 வயதில் இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இப்போது முன்பள்ளிக்குப் போகிறார்கள், அல்லது தரம் 1இல் சேரக் காத்திருக்கிறார்கள். இந்தப் பெற்றோரில் பலருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. தங்கள் படிப்பே இடையில் குழம்பிப்போனது, தாங்கள் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது, அது ரீச்சரின் வேலை என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். சிலர் மறுபக்கம் போய், தங்களுக்குக் கிடைக்காதது பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்ற அவசரத்தில் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து 'அ' எழுத வைக்கிறார்கள்.

இரண்டுமே பிள்ளைக்கு உதவுவதில்லை. ஐந்து வயதுக்கு முன் வாசிப்புக்கான அடித்தளம் வீட்டுப் பேச்சிலும் கதையிலும் பாட்டிலும்தான் போடப்படுகிறது. அதற்குப் பெற்றோர் படித்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதை எப்படிச் செய்வது என்பதை வன்னி வீடுகளின் நிலைமைக்குப் பொருந்த இந்தக் கட்டுரை தொகுத்துத் தருகிறது.

வாசிப்பு எப்போது தொடங்குகிறது?

பிள்ளை பாடசாலைக்குப் போய் 'அ, ஆ' படிக்கும் நாளில்தான் வாசிப்பு தொடங்குகிறது என்று முன்பு நினைத்தார்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர் மேரி கிளே 1960களில் சிறுபிள்ளைகளைக் கூர்ந்து கவனித்து வேறொன்றைக் காட்டினார். எழுத்துத் தெரியாத வயதிலேயே பிள்ளைகள் எழுத்தைப் பற்றிப் பலவற்றை அறிந்து வைத்திருக்கிறார்கள் என்றார் அவர். புத்தகத்தை எந்தப் பக்கமாகப் பிடிப்பது, படம் வேறு எழுத்து வேறு, அந்தக் கோடுகளும் வளைவுகளும் எதையோ சொல்கின்றன என்பதெல்லாம் அந்த அறிவில் அடங்கும்.

மீள்குடியேறிய காலத்தில் வன்னிப் பிள்ளைகளுக்கு இது வேறு வழியில் வந்து சேர்ந்தது. வீதியோரம் நடப்பட்டிருந்த மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்பு நிற மிதிவெடிப் பலகைகளை, ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் கூடத் தூரத்திலேயே அடையாளம் கண்டார்கள். அதைத் தாண்டிப் போகக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. ஒரு அடையாளத்துக்குப் பொருள் உண்டு, அந்தப் பொருளுக்கு ஏற்ப நடக்க வேண்டும் என்பது வாசிப்பின் முதல் பாடம். அதைப் பயத்தின் மூலம் கற்றது ஒரு தலைமுறை. அடுத்த தலைமுறைக்கு அதையே வீட்டில் மகிழ்ச்சியோடு கற்பிக்க முடியும்.

முதலில் பேச்சு

பிள்ளை ஒரு சொல்லை வாசிக்கும்போது அந்தச் சொல் ஏற்கெனவே காதில் விழுந்து பழகியதாக இருந்தால்தான் பொருள் புரியும். 'வாய்க்கால்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி முடித்த பிள்ளைக்கு, இரணைமடுத் தண்ணீர் வயலுக்கு வரும் வாய்க்கால் நினைவுக்கு வர வேண்டும். ஆகவே எழுத்துக்கு முன்னர் சொற்கள் வேண்டும். சொற்கள் பேச்சில் இருந்துதான் வரும்.

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. சமைக்கும்போது செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்: "இப்ப அரிசி களையிறன், தண்ணி வெள்ளையா வருது பார்." குளிக்க வார்க்கும்போது உடல் உறுப்புகளின் பெயரைச் சொல்லுங்கள். தோட்டத்துக்குப் போகும்போது பூசணிக் கொடி, பயற்றங்கொடி, பாகற்கொடி என்று பிரித்துச் சொல்லுங்கள். 'அது', 'இது' என்று சுட்டிக்காட்டுவதை விடப் பெயரைச் சொல்வது பிள்ளையின் சொற்களஞ்சியத்தைப் பெருக்கும்.

பிள்ளை பேசும்போது அதன் வசனத்தை வாங்கி, இன்னும் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். "நாய்!" என்றால், "ஓம், கறுப்பு நாய். வெயிலுக்கு மரத்துக்குக் கீழ படுத்திருக்கு" என்று சொல்லுங்கள். பிழையாகச் சொன்னால் ஏச வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். சரியான வடிவத்தை நீங்கள் ஒரு தடவை சொன்னால் போதும்.

பேசாத வீடுகள்

போர் கண்ட வீடுகளில் பேச்சே குறைந்துபோவது உண்டு. இழப்பின் பாரம், கடன் நெருக்கடி, நித்திரையின்மை எல்லாம் சேர்ந்து பெரியவர்களின் வாயை அடைத்துவிடுகின்றன. பிள்ளை கேட்கும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் எல்லாக் கேள்விகளையுமே தவிர்க்கத் தொடங்குகிறோம்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அம்மம்மாமாரின் மடியில் இருந்து அந்தப் படங்களையும் பதாகைகளையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்றைத் தினமும் காணும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். படத்துக்குக் கீழே இருக்கும் பெயர்தான் அவர்களில் சிலர் முதன்முதல் கேட்டறியும் எழுத்து. "இது ஆர்? இதில என்ன எழுதியிருக்கு?" என்று பிள்ளை கேட்டால் விரலால் தொட்டுப் பெயரை வாசித்துக் காட்டுங்கள். உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "இது உன்ர மாமா. அவரை இன்னும் தேடுறம்." நடந்த கொடுமைகளை நான்கு வயதில் விவரிக்கத் தேவையில்லை. மாமாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எந்த மரத்தில் ஏறி விழுந்தார், அம்மாவை என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்பதைச் சொல்லலாம். பிள்ளைக்கு அது ஒரு கதை. சொல்பவருக்கும் மனம் கொஞ்சம் இலேசாகும்.

சொல்ல முடியாத அளவுக்கு மனம் கனத்தால், அன்று வேறொருவர் கதை சொல்லட்டும். நித்திரையின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுவது நல்லது. தாயின் நலம் பிள்ளையின் கல்வியோடு நேரடியாகத் தொடர்புபட்டது.

கதை சொல்வதும் கேள்வி கேட்பதும்

அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 1988இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு வயதை அண்டிய பிள்ளைகளின் பெற்றோர் ஒரு பகுதியினருக்கு, படப்புத்தகத்தை வாசிக்கும்போது இடையிடையே கேள்வி கேட்கவும் பிள்ளையின் பதிலை விரித்துச் சொல்லவும் பழக்கினார்கள். மற்றவர்கள் வழமைபோல வாசித்தார்கள். ஒரே மாதத்தில் முதல் குழுவின் பிள்ளைகள் பேச்சுத் திறனில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இரண்டு குழுக்களும் வாசித்த அளவு ஏறத்தாழ ஒன்றுதான். பிள்ளையையும் பேச வைத்த விதம்தான் வித்தியாசத்தை ஏற்படுத்தியது.

வாய்க்கதைக்கும் இதைப் பயன்படுத்தலாம். காகமும் நரியும் கதையையோ பாட்டி வடை சுட்ட கதையையோ சொல்லும்போது இடையில் நிறுத்துங்கள். "நரி ஏன் அப்பிடிச் சொன்னது?" "நீயெண்டால் என்ன செய்திருப்பாய்?" "பிறகு என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். ஓம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். கேட்டபின் பத்து விநாடியாவது பொறுத்திருங்கள். சிறுபிள்ளைக்குச் சொல்லைத் தேடி எடுக்க நேரம் வேண்டும்.

அதே கதையை நாற்பதாவது தடவையும் பிள்ளை கேட்டால் சலிக்காமல் சொல்லுங்கள். அடுத்து வருவது தெரிந்திருப்பதுதான் பிள்ளைக்குச் சந்தோசம். பிறகு ஒரு நாள் பிள்ளையே உங்களுக்குக் கதை சொல்லும்.

எழுத்து வாசனை இல்லாத அம்மம்மாவுக்கும் இதில் இடமுண்டு. படப்புத்தகத்தை விரித்து, படத்தைப் பார்த்தே அவர் தன் சொந்தக் கதையைச் சொல்லலாம். புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் கதைதான் வர வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

காதுக்குப் பழகும் ஓசை

சொற்கள் ஓசைத் துண்டுகளால் ஆனவை என்பதைக் காது உணர்ந்த பிள்ளைக்குப் பின்னர் எழுத்துக்கூட்டுவது இலகு. இதற்கு நமது பாட்டுகளே போதும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரி வெருளியும் ஈழத்துப் பிள்ளைகள் தலைமுறைகளாகப் பாடி வந்தவை. ஔவையாரின் ஆத்திசூடி எழுத்து வரிசையில் அமைந்திருப்பதால் ஓசையையும் எழுத்தையும் சேர்த்தே நினைவில் பதிக்கும். தாலாட்டு, தேவாரம், தேவாலயப் பாட்டு, வயல் வேலைப் பாட்டு எதுவும் உதவும். பொருள் புரியாவிட்டாலும் சந்தம் பதியும்.

விளையாட்டாகச் செய்யக்கூடிய சில:

கைதட்டிப் பிரித்தல்: ஊர்ப் பெயர்களைக் கைதட்டிச் சொல்லுங்கள். ப-ரந்-தன் என்றால் மூன்று தட்டு. கி-ளி-நொச்-சி நான்கு. இ-ர-ணை-ம-டு ஐந்து. பஸ்ஸில் போகும்போது விளையாட ஏற்றது.

ஒரே தொடக்கம்: பால், பாய், பாண். "இன்னொரு 'பா' சொல்லு பாப்பம்?"

ஒரே முடிவு: கல், பல், நெல். அடுத்ததைப் பிள்ளை சொல்லட்டும். பொருளில்லாத சொல்லைச் சொன்னாலும் ஓசை சரியென்றால் சரிதான்.

விடுகதை: நமது ஊர் விடுகதைகள் ஒவ்வொன்றும் சொற்பயிற்சிதான்.

எழுத்தை எப்படி அறிமுகம் செய்வது?

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று தமிழில் 247 எழுத்துகள். இதைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. அடிப்படை வடிவங்களையும் உயிர்க் குறிகளையும் அறிந்தால் மிகுதியைச் சேர்த்து வாசிக்கலாம். ஆனால் அதற்குக் காலம் எடுக்கும். தமிழைப் போலவே உயிர்மெய் அமைப்புக் கொண்ட கன்னட எழுத்தைக் கற்கும் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துத் தொகுதி முழுவதையும் வசப்படுத்த ஆரம்பப் பாடசாலையின் பல ஆண்டுகள் தேவைப்படுவதை 2007இல் எடுத்துக்காட்டினார். 26 எழுத்துகளை ஒரு வருடத்தில் முடிக்கும் ஆங்கிலப் பிள்ளையோடு நமது பிள்ளையை ஒப்பிடுவது பொருந்தாது.

வீட்டில் தொடங்க நல்ல எழுத்து, பிள்ளையின் பெயரின் முதல் எழுத்து. அதைச் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே, பையில், கதவில் எழுதி ஒட்டுங்கள். பின்னர் 'அம்மா', 'அப்பா', தம்பியின் பெயர் என்று விரியலாம். எழுத வேண்டிய வயது வரும்போது ட, ப, ம, ய, ர போன்ற நேர்கோட்டு எழுத்துகள் சிறு கைக்கு இலகு. அவற்றோடு புள்ளியையும் அறிமுகம் செய்தால் படம், மரம், பட்டம் என்ற சொற்கள் கிடைத்துவிடும். வரிசையில் முதலில் வருவதால் 'அ'வில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. அதன் வளைவுகள் சிறு கைக்குக் கடினமானவை.

கெ, கே, கை ஆகியவற்றில் உயிர்க்குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. பிள்ளைகள் இதில் தடுமாறுவது இயல்பு. ல, ள, ழ மயக்கமும் ந, ன, ண மயக்கமும் அப்படித்தான். தரம் 2, 3 வரையும் இது நீடிக்கலாம். அடிப்பதால் இது திருந்தாது. அடி வாங்கிய பிள்ளை கொப்பியைக் கண்டாலே பயப்படும், அவ்வளவுதான்.

பென்சிலுக்கு முன்னர் விரல்களுக்குப் பலம் வேண்டும். மா பிசைந்து உருட்டுவது, புளியங்கொட்டை பொறுக்கிச் சிரட்டையில் போடுவது, பூக் கோப்பது, ஈர்க்கால் மண்ணில் கீறுவது எல்லாம் அதற்கான பயிற்சி. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த ஒரு நாளோடு நிறுத்தாமல் முற்றத்து மணலில் தினமும் தொடரலாம். செலவு ஏதும் இல்லை. பிழைத்தால் கையால் அழித்துவிடலாம்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் எழுத்து

2022 பொருளாதார நெருக்கடியின்போது கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. கொப்பியும் புத்தகமும் பல குடும்பங்களுக்கு இன்னும் பாரமாகவே இருக்கின்றன. ஆனால் எழுத்து வீட்டுக்குள் வேறு உருவங்களில் வருகிறது. தேயிலைப் பக்கற், சவர்க்கார உறை, பிஸ்கற் பெட்டி, மருந்துப் போத்தல், கிளினிக் அட்டை, கல்யாணக் கடிதம், பழைய பத்திரிகை, பஸ்ஸின் முன்னால் இருக்கும் ஊர்ப்பெயர் எல்லாமே வாசிப்புப் பாடங்கள். "இதில 'சீனி' எண்டு எங்க எழுதியிருக்கு?" என்று தேட வைக்கலாம். கடைக்குப் போகுமுன் சாமான் பட்டியலைப் பிள்ளைக்கு முன்னால் எழுதுங்கள். பேசியது எழுத்தாகிறது, எழுதியது பொருளாக வீட்டுக்கு வருகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் காணும்.

புத்தகங்களுக்கு எங்கே போவது?

இடம்பெயரும்போது தறப்பாளையும் அரிசியையும் தூக்கிய கைகளுக்குப் புத்தகத்தைத் தூக்க முடியவில்லை. அதனால் வன்னியின் பல வீடுகளில் ஒரு கதைப்புத்தகம் கூட இல்லை. திரும்பவும் சேர்க்கச் சில வழிகள் உண்டு.

கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி பிரதேச சபைகளின் கீழ் வரும் பொது நூலகங்களில் சிறுவர் நூல்கள் பற்றி விசாரித்து அங்கத்துவம் பெறுங்கள். ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் அக்காலத்தில் நூலகங்களிலும் பாடசாலைகளிலும் நிகழ்வுகள் நடக்கும். பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள்.

இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக உள்ளன. நிலை 1இல் இருந்து நிலை 4 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். தரவிறக்கி அச்சிடவும் அனுமதி உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற ஈழத்து எண்ணிம நூலகத்தில் பழைய சிறுவர் நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடிப் பார்க்கலாம்.

தமிழகத்து நூல்களில் நமக்குப் பழக்கமில்லாத சொற்கள் வரும். 'பாட்டில்' வந்தால் "போத்தல்" என்றும், 'பப்பாளி' வந்தால் "பப்பாசி" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அதேபோல் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறு. புத்தகம் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லும், நாங்கள் 'ஓடிக்கொண்டிருக்கு' என்போம். முதலில் எழுதியபடி வாசியுங்கள், பிறகு நமது பேச்சில் சொல்லுங்கள். தரம் 1 பாடநூல் எழுத்துத் தமிழில்தான் இருக்கும். அந்த ஓசைக்கு முன்பே பழகிய காது அங்கே திகைக்காது.

நீங்களே ஒரு புத்தகம் செய்யவும் முடியும். பழைய கொப்பியில் எழுதாத தாள்களை எடுத்து நூலால் தையுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வசனம். "இது எங்கட ஆடு." "ஆடு குழை தின்னுது." பிள்ளை சொல்வதை அப்படியே எழுதுங்கள். எழுதத் தெரியாத பெற்றோர், பாடசாலை போகும் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். இருவருக்குமே அது பயிற்சி.

கைப்பேசி பற்றி

வேலைக்குப் போகும் தாய்க்குக் கைப்பேசி ஒரு உதவியாளைப் போல ஆகிவிட்டது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல்படி, 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரை நேரம் வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. காணொளி பிள்ளையிடம் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்காது. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் இருந்து, கதைத்துக்கொண்டு பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமா, சித்தியோடு முகம் பார்த்துக் கதைப்பது இதில் சேராது. தூர இருக்கும் உறவுகள் வாரம் ஒரு கதையைக் கைப்பேசியில் சொன்னால், அனுப்பும் பணத்துக்கு நிகரான உதவி அது.

வயதுக்கு ஏற்ப

பிறப்பு முதல் 1 வயது வரை: தாலாட்டு, முகம் பார்த்துப் பேச்சு, பிள்ளை எழுப்பும் ஒலிக்குப் பதில் ஒலி. தடித்த மட்டையில் படம் ஒட்டிக் கையில் கொடுக்கலாம்.

1 முதல் 2 வயது: பொருள்களின் பெயர், படத்தைத் தொட்டுக் காட்டல், கை அசைத்துப் பாடும் சிறு பாட்டுகள்.

3 வயது: தினமும் ஒரு கதை, ஏன், எப்படி என்ற கேள்விகள், கிறுக்கலும் சித்திரமும். கிறுக்கலை எழுத்தின் தொடக்கமாக மதித்து "என்ன எழுதினீங்கள்?" என்று கேளுங்கள்.

4 முதல் 5 வயது: சொந்தப் பெயரை அறிதல், ஓசை விளையாட்டு, சில எழுத்துகள், கதையைத் திருப்பிச் சொல்லல். தரம் 1இல் சேரும்போது 247 எழுத்தும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எப்போது உதவி நாட வேண்டும்?

2 வயதாகியும் "அம்மா வா" போல இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலோ, பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, முன்பு பேசிய சொற்களைப் பேசாமல் விட்டுவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். பிள்ளை வளர வளரச் சரியாகும் என்ற பேச்சைக் கேட்டு மாதங்களை இழப்பவர்கள் உண்டு. குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் காட்டிச் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகக் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். காது, கண் இரண்டையும் பரிசோதிப்பது முதல் வேலை.

நேரம் இல்லாதவர்களுக்கு

விடியப் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் இருளத் திரும்பும் தாய்க்கும், தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கும் மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்ய முடியாது. நாளுக்குப் பத்து நிமிடம் போதும். அது தினமும் நடக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். படுக்கும் நேரத்தில் ஒரு கதை, அல்லது தலை வாரும்போது ஒரு பாட்டு. மிகுதியை அம்மம்மா, அப்பப்பா, மூத்த அக்கா ஆகியோருக்குப் பங்கிட்டுக் கொடுங்கள். தகப்பன்மார் இதைப் பெண்களின் வேலை என்று விட்டுவிடக் கூடாது. சைக்கிளில் முன்பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தூரமும் கதைக்கக் கிடைக்கும் நேரம்தான்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை மனதில் வைத்து நான்கு வயதிலேயே பிள்ளையைத் துரத்தத் தொடங்குவது இப்போது பெருகிவருகிறது. அந்த ஓட்டத்தில் வாசிப்பின் ருசியை இழந்த பிள்ளை பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடும். ருசி பிடித்த பிள்ளை யாரும் சொல்லாமலே அடுத்த பக்கத்தைப் புரட்டும்.

இன்றிரவு தொடங்கலாம். பிள்ளையின் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதி, படுக்கும் இடத்துக்கு மேலே ஒட்டுங்கள். அந்தப் பெயரை ஏன் வைத்தீர்கள், யாருடைய நினைவாக வைத்தீர்கள் என்பதைக் கதையாகச் சொல்லுங்கள்.